பயணத்துக்கான நடை ஷூ வாங்குவது எப்படி? பெண்களுக்கு ஒரு படிப்படியான வழிகாட்டி

ஊர் சுற்றிப் பார்க்கிற நாளில் 10, 15 கிலோமீட்டர் நடந்துவிடுவது சர்வசாதாரணம். வீட்டில் இருக்கும் நாட்களில் அதில் பாதிகூட நடந்து பழகாத கால்கள்தான் அத்தனை தூரத்தையும் தாங்க வேண்டும். கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் கடைக்குப் போய், படத்தில் எடுப்பாகத் தெரிகிற ஒரு ஜோடியை வாங்கிப் போட்டுக்கொண்டு போனால், இரண்டாம் நாள் மாலைக்குள் குதிகாலில் தோல் உரிந்துவிடும். மீதி நாட்களில் எங்கே போவது, எதை விடுவது என்பதைக் கால்தான் முடிவு செய்யும்.

இதைத் தவிர்க்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பாதத்தின் அளவும் வடிவமும், அடுத்து சோல், அதற்குப் பிறகு தோற்றம். இந்த வரிசையில் தேடினால் அழகை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்காது. தோற்றத்தில் தொடங்கினால் பெரும்பாலும் அளவைத்தான் விட்டுக்கொடுப்போம், அது காலைக் கடித்தே தீரும்.

1. காலக்கணக்கை முதலில் போடுங்கள்

பயணத்துக்கு 6 வாரம் இருக்கும்போது தேடத் தொடங்குங்கள். முதல் வாரம் அளவெடுக்கவும் கடைகளில் போட்டுப் பார்க்கவும் போய்விடும். ஆன்லைனில் வாங்கினால் வந்து சேர, பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்ப, வேறு அளவு வர என்று இன்னும் இரண்டு வாரம் ஓடும். மீதி 3 வாரம் ஷூவைக் காலுக்குப் பழக்க வேண்டும். இந்த 3 வாரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். நேரம் குறைவாக இருந்தால் புதிது வாங்குவதையே விட்டுவிட்டு, ஏற்கெனவே பழகிய ஷூவுக்கு நல்ல சாக்ஸும் புது இன்சோலும் (ஷூவுக்குள் காலுக்கு அடியில் வரும் மெத்தை) வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பழகாத ஷூவைவிடப் பழைய ஷூ எவ்வளவோ மேல். ஆனால் அதன் சோல் தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கக் கூடாது.

2. பாதத்தை மில்லிமீட்டரில் அளவெடுங்கள்

"என் சைஸ் இதுதான்" என்று பல வருடமாகச் சொல்லிவரும் எண்ணை மறந்துவிடுங்கள். வயது ஏற ஏறப் பாதம் கொஞ்சம் தட்டையாகி நீளும். பிரசவத்துக்குப் பிறகு பலருக்குப் பாதம் பெரிதாகி அப்படியே நின்றுவிடுகிறது. எடை கூடினாலும் அகலம் மாறும்.

அளவெடுக்க ஒரு வெள்ளைத் தாள், பென்சில், மில்லிமீட்டர் ஸ்கேல் போதும். மாலையில் அளவெடுங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும், பயணத்தில் இருக்கப்போவதும் அந்தப் பாதம்தான். பயணத்தில் போடப்போகிற சாக்ஸை மாட்டிக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டித் தாளை வைத்து, குதிகால் சுவரில் படும்படி நின்று, எடையை அந்தக் காலில் இறக்குங்கள். உட்கார்ந்தபடி அளவெடுத்தால் பாதம் விரியாது, கணக்கு தப்பிவிடும். நீளமான விரலின் நுனியில் குறி வையுங்கள். அது எப்போதும் பெருவிரலாகவே இருக்காது, பலருக்கு இரண்டாம் விரல் நீளம். பென்சிலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். உள்பக்கமாகச் சாய்ந்தால் பாதம் உள்ளதைவிடச் சிறியதாகத் தெரியும். குனியும்போது எடை நகர்ந்துவிடுவதால், குறி வைக்கிற வேலையை இன்னொருவரிடம் விடுவது நல்லது.

அடுத்து அகலம். பெருவிரலின் அடி எலும்பு புடைத்திருக்கும் இடத்திலிருந்து சுண்டுவிரலின் அடி எலும்பு வரை, பாதத்தின் மிக அகலமான பகுதியை அளந்துகொள்ளுங்கள்.

இரண்டு காலையும் தனித்தனியே அளக்க வேண்டும். இடது 238 மில்லிமீட்டர், வலது 242 மில்லிமீட்டர் என்று வந்தால் உங்கள் அளவு 242தான். பெரிய காலுக்கு வாங்கிவிட்டு, சின்ன காலின் தளர்வை லேஸிலோ மெல்லிய இன்சோலிலோ சரிக்கட்டிக்கொள்ளலாம். சின்ன காலுக்கு வாங்கிவிட்டால் பெரிய காலுக்கு வழியே இல்லை.

3. அந்த அளவை ஷூ எண்ணாக மாற்றுங்கள்

விரல் நுனிக்கும் ஷூவின் முன்சுவருக்கும் இடையே 10 முதல் 12 மில்லிமீட்டர் காலியாக இருக்க வேண்டும். ஏறத்தாழக் கட்டைவிரல் அகலம். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் பாதம் முன்னோக்கி நகர்ந்து நீளும், இறக்கத்தில் இன்னும் அதிகமாக நகரும். அந்த இடம் இல்லாவிட்டால் விரல் நுனி சுவரில் மோதிக்கொண்டே இருந்து, நகம் கறுத்து, சில வாரங்களில் விழுந்தும்விடும்.

ஐரோப்பிய எண் முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 6.7 மில்லிமீட்டர். பிரிட்டன், அமெரிக்க முறைகளில் முழு எண்ணுக்கு சுமார் 8.5, அரை எண்ணுக்கு சுமார் 4.2 மில்லிமீட்டர். காலுக்குப் பொருத்தமாகத் தேட அரை எண் உள்ள மாடல்கள் வசதி. அமெரிக்கப் பெண்கள் எண், பிரிட்டன் எண்ணைவிடப் பொதுவாக 2 முதல் 2.5 வரை கூடுதலாக இருக்கும். வெறும் "7" என்று போட்டிருந்தால் எந்த நாட்டு எண் என்று பார்க்காமல் வாங்காதீர்கள். ஆன்லைனில் நடக்கும் குளறுபடிகளில் இது முக்கியமான ஒன்று.

எந்த முறையானாலும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஷூவைத் தைக்கப் பயன்படும் கால் அச்சு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, ஒரே நிறுவனத்தில்கூட மாடலுக்கு மாடல் வேறு. நம்பகமான எண் ஒன்று உண்டு. பல ஷூக்களில் லேஸுக்கு அடியில் வரும் நாக்குப் பகுதியின் உட்புற லேபிளில், எந்தப் பாத நீளத்துக்கு அந்த ஷூ என்று சென்டிமீட்டரிலோ மில்லிமீட்டரிலோ போட்டிருப்பார்கள். அதை உங்கள் 242உடன் ஒப்பிடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் அந்த மாடலுக்கென்றே கொடுத்திருக்கும் அளவு அட்டவணையைத் திறந்து, அது பாதத்தின் நீளமா, இன்சோலின் நீளமா என்று படித்துப் பாருங்கள். இன்சோல் நீளம் என்றால் 10, 12 மில்லிமீட்டரை நீங்கள்தான் கூட்டிப் பார்க்க வேண்டும். பாத நீளம் என்றால் அந்த இடைவெளியை ஏற்கெனவே கணக்கில் சேர்த்திருப்பார்கள்.

அகலம் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. அமெரிக்க முறையில் பெண்கள் ஷூவின் சாதாரண அகலம் 'பி', அகலமானது 'டி', இன்னும் அகலமானது '2இ', குறுகலானது '2ஏ'. முன்பாதம் அகலமாக உள்ளவர்கள் நீளத்தில் ஓர் எண் கூட்டி வாங்குவது வழக்கமாக நடக்கும் தவறு. அப்போது விரலுக்கு இடம் கிடைத்தாலும் குதிகால் தளர்ந்து ஒவ்வோர் அடிக்கும் மேலும் கீழும் உரசும், ஷூ மடங்கும் இடமும் பாதம் மடங்கும் இடமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டு 'டி' அகலத்தைத் தேடுங்கள். பெண்கள் பிரிவில் கிடைக்காவிட்டால் ஆண்கள் பிரிவில் பாருங்கள். ஆண்களுக்கான சாதாரண அகலமே 'டி'தான். அமெரிக்க எண்ணில் 1.5 குறைத்துக்கொண்டால் போதும்: பெண்கள் 8 என்பது ஆண்கள் 6.5. ஆனால் ஆண்கள் ஷூவில் குதிகால் பகுதியும் அகலம், அங்கே தளர்வாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

நகரத்தில் நாள் முழுக்க நடை, நல்ல சாலை, அருங்காட்சியகம், கடைத்தெரு என்றால் தாழ்வான லேஸ் ஸ்னீக்கரோ, நடைக்கென்றே செய்த ஷூவோ சரி. ஓடுவதற்கான ஷூவும் நடைக்கு நன்றாக ஒத்துழைக்கும், எடையும் குறைவு. தோற்றம்தான் விளையாட்டு மைதானத்தை நினைவூட்டும். கரடுமுரடான பாதை, கல் படிகள், லேசான ஏற்ற இறக்கம் உண்டென்றால் ஆழமான பற்கள் கொண்ட சோல் தேவை. கனமான மலையேற்ற பூட்ஸை நகரப் பயணத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஒரு காலுக்கு 200 முதல் 300 கிராம் எடையுள்ள ஷூ நாள் முழுக்கக் கனம் தெரியாது. 400 கிராமைத் தாண்டினால் மாலையில் தொடை வலிக்கும்.

ஷூவை அடிக்கடி கழற்ற வேண்டிய இடங்கள் உங்கள் திட்டத்தில் நிறைய இருந்தால் பக்கவாட்டு ஜிப் அல்லது எலாஸ்டிக் லேஸ் உள்ளதைப் பாருங்கள். லேஸே இல்லாமல் காலை நுழைக்கும் ரகம் வசதியானதுதான், ஆனால் அதில் மேல்பாதத்தை இறுக்கிப் பிடிக்க எதுவும் இல்லை. பாதம் உள்ளே வழுக்காமல் இருக்க விரல்கள் தரையைக் கவ்வ முயன்றுகொண்டே இருக்கும், நீண்ட நடையில் அது உள்ளங்கால் வலியாக மாறும். பாலே நடனக் காலணி போன்ற தட்டை ரகத்துக்கும் இதே குறை, போதாததற்குச் சோலும் காகிதம்போல் மெல்லிசு. அந்தத் தோற்றம் பிடிக்கும் என்றால் மேல்பாதத்தில் பட்டை வரும் மேரி ஜேன் வடிவத்தில், உள்ளே மெத்தை வைத்த நடை ஷூக்கள் கிடைக்கின்றன. நல்ல மாற்று.

வெயில் ஊர்களுக்குச் செருப்பு போதும் என்பவர்கள், முன்பாதம், மேல்பாதம், குதிகாலின் பின்புறம் என்று மூன்று இடத்தில் பட்டையைக் கூட்டிக் குறைக்க முடிகிற சான்டல் எடுங்கள். பின்பட்டை இல்லாத செருப்பில் நீண்ட தூரம் வேண்டாம்.

5. சோலைக் கையால் சோதியுங்கள்

கடைக்காரர் சொல்வதையும் பெட்டியில் எழுதியிருப்பதையும் ஓரமாக வைத்துவிட்டு, கையில் எடுத்து மூன்று சோதனை செய்யுங்கள்.

முதலாவது, முன்னும் பின்னும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும். நட்டநடுவில் இரண்டாக மடங்கினால் பாதத்தின் வளைவுக்கு அதில் எந்தத் தாங்கலும் இல்லை, வைத்துவிடுங்கள். இரண்டாவது, துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். கொஞ்சம் முறுகலாம், கயிறாகத் திரியக் கூடாது. மூன்றாவது, குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவரை இரு விரலால் அழுத்துங்கள். அது நசுங்காமல் நிற்க வேண்டும். அந்தச் சுவர்தான் குதிகாலை நேராகப் பிடித்து வைக்கிறது.

சோல் என்பது மூன்று அடுக்கு: காலுக்கு அடியில் இன்சோல், நடுவே அதிர்வைத் தாங்கும் மிட்சோல், தரையில் படும் வெளிச்சோல். சொகுசும் வலியும் பெரும்பாலும் மிட்சோலில்தான் இருக்கின்றன. இ.வி.ஏ. நுரையில் செய்தது லேசாக இருக்கும், ஆனால் காலப்போக்கில் அமுங்கிவிடும். பி.யு. எனப்படும் பாலியுரித்தேன் கனம் கூடினாலும் வடிவம் குலையாமல் நீண்ட நாள் உழைக்கும். பி.யு.வில் ஒரு பெரிய பொறி உண்டு. காற்றிலுள்ள ஈரம் பட்டுப்பட்டு, போடாமலே வைத்திருந்தாலும் சில வருடங்களில் அது உள்ளுக்குள் சிதையத் தொடங்கும். அலமாரியில் பல வருடம் பத்திரமாக வைத்த ஷூ பயணத்தின் முதல் நாளில் அடியோடு பிய்ந்து வருவதற்குக் காரணம் இதுதான். பாதி விலைக்குப் பழைய இருப்பு கிடைக்கிறதென்று பாயாதீர்கள். பல நிறுவனங்கள் உள் லேபிளில் தயாரிப்பு தேதி அச்சிடுகின்றன, அதைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு பொறி மெமரி ஃபோம், அதாவது அழுத்தினால் காலின் வடிவத்துக்கு மெல்ல அமுங்கும் நுரை. கடையில் காலை வைத்ததும் பஞ்சில் மிதப்பதுபோல் இருக்கும். எடையின்கீழ் அமுங்கி, இரண்டு மூன்று மணி நேரத்தில் கால் நேரே கடினமான அடிப்பாகத்தில் உட்கார்ந்துவிடும். மேலே மெமரி ஃபோம் இருப்பது தவறில்லை, அதற்கு அடியில் உருப்படியான மிட்சோல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இன்சோலைக் கழற்றிவிட்டு உள்ளே கட்டைவிரலால் அழுத்துங்கள். அழுத்தம் கொடுக்கும்போது இறங்கி, எடுத்ததும் எழுந்து வந்தால் நல்லது.

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் மாடல் விவரத்தில் மில்லிமீட்டரில் இருக்கும். தினமும் சற்று உயரமான ஹீல் போட்டுப் பழகியவர்கள் 8 முதல் 12 மில்லிமீட்டர் உள்ளதை எடுப்பது பாதுகாப்பு. திடீரென்று 0 முதல் 4 மில்லிமீட்டர் ரகத்துக்கு மாறினால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் இழுத்துக்கொள்ளும், அதற்கு மாதக்கணக்கில் பழக வேண்டும். மொத்தச் சோலின் தடிமன் 20 முதல் 30 மில்லிமீட்டர் இருந்தால் உருளைக்கல் பதித்த தெருவில் கல்லின் முனை உள்ளங்காலில் தெரியாது. 40ஐத் தாண்டும் மெத்தென்ற பிளாட்ஃபாரம் சோல் பார்வைக்கு நன்றாக இருக்கும், சமமில்லாத தரையில் கணுக்கால் பிரள அதுவே வழியாகும்.

வெளிச்சோல் ரப்பராக இருக்கட்டும். நகம் வைத்துப் பாருங்கள், பிளாஸ்டிக்போல் கடினமாக வழுக்கினால் ஈரமான கல்லிலும் அப்படியே வழுக்கும். சில லேசான ஷூக்களில் ரப்பரே இல்லாமல் மிட்சோல் நுரையே தரையில் படும். குதிகாலிலும் முன்பாதத்திலுமாவது ரப்பர் ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பயணத்தில் தேய்ந்து சாயும்.

6. மேல்பாகம்: நீர் புகாத ஷூ எப்போதும் தேவையில்லை

வலைத்துணி மேல்பாகம் காற்றோட்டமானது, நனைந்தாலும் ஒரே இரவில் உலர்ந்துவிடும். தோல் நீடித்து உழைக்கும், மாலை விருந்துக்கும் பொருந்தும், ஆனால் பழக நாளாகும். ஸ்வேட் எனப்படும் வெல்வெட் போன்ற தோல் மழையில் கறைபடும். பின்னல் துணி காலின் வடிவத்துக்கு நீண்டு கொடுப்பதால், பெருவிரல் எலும்பு புடைத்தவர்களுக்கு நிம்மதி. அந்த இடத்தில் தையலோ ஒட்டுப்பட்டையோ வராமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோர்-டெக்ஸ் போன்ற நீர் புகாச் சவ்வு வைத்த ஷூவுக்கு விலை கூடுதல். குளிர் மழையில் அது பணத்துக்குத் தகுந்த பொருள். வெப்பமான ஊரில் உள்ளே வியர்வை தேங்கும், ஈரத்தோல்தான் சீக்கிரம் கொப்புளிக்கும். கணுக்காலுக்கு மேலே தண்ணீர் ஏறினால் உள்ளே வந்த நீர் வெளியே போகாமல் நிற்கும், உலர இரண்டு நாள்கூட ஆகலாம். குளிர் ஊருக்கு இல்லையென்றால் வலைத்துணியையே எடுங்கள்.

7. இப்போது தோற்றம்

பொருந்தும் மாடல்கள் மூன்று நான்கு கைவசம் வந்த பிறகுதான் இதற்கு வர வேண்டும். ஒரு ஷூ "ஜிம் ஷூ" போலத் தெரிவதற்குக் காரணங்கள் குறைவுதான்: மேல்பாகத்தில் பல நிறம், பெரிய எழுத்து, பளிச்சிடும் பட்டைகள், மேல்பாகத்துக்குச் சம்பந்தமில்லாத வெள்ளைத் தடிச் சோல். இவற்றைத் தவிர்த்தாலே நடை ஷூ நாகரிகமாகிவிடும். மேல்பாகமும் சோலும் லேஸும் ஒரே நிறக் குடும்பத்தில் இருந்தால் 30 மில்லிமீட்டர் சோல்கூடக் கண்ணில் உறுத்தாது.

நிறத்தை உங்கள் பெட்டியிலுள்ள உடைகளை விரித்து வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். கறுப்பு எல்லாவற்றுக்கும் போகும், மாலைக்கும் ஒத்துவரும். பழுப்பும் மணல் நிறமும் ஜீன்ஸ், வெளிர் உடைகளோடு அழகு, தூசியும் தெரியாது. வெள்ளை படத்தில் பிரமாதம், மூன்றாம் நாளே அழுக்கு தெரியும், துடைக்கத் தயாராக இருந்தால் மட்டும் எடுங்கள். முன்பக்கம் வட்டமாகவோ பாதாம் வடிவிலோ இருப்பது விரலுக்கும் இடம் தரும், பார்வைக்கும் மென்மை. கூர்முனை வேண்டும் என்பவர்கள், அந்தக் கூர்மை விரல்கள் முடிந்த பிறகு தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். விரல்களின் மேலேயே குறுகினால் அது நடைக்கு ஆகாது.

பலரும் கவனிக்காத ஒன்று: சோல் உயரம் மாறினால் உடையின் நீளமும் மாறும். தட்டைச் செருப்புக்குத் தைத்த பேன்ட் 30 மில்லிமீட்டர் சோலுக்குக் குட்டையாகத் தெரியும், ஹீலுக்குத் தைத்த நீளப் பாவாடை தரையில் இழுபட்டுப் படியில் தடுக்கும். புது ஷூவைப் போட்டுக்கொண்டு பயண உடைகளை ஒருமுறை அணிந்து, படியேறி இறங்கிப் பாருங்கள்.

8. கடையில் குறைந்தது 20 நிமிடம்

மாலையில் போங்கள், உங்கள் சாக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். தனி இன்சோல் பயன்படுத்துபவர்கள் அதையும் எடுத்துப் போக வேண்டும்.

போடுவதற்கு முன்னால் ஷூவின் இன்சோலை உருவித் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். பாதம் ஓரத்தில் வழிந்தால் ஷூ உங்களுக்குக் குறுகல், மேற்கொண்டு போட்டுப் பார்க்கவே தேவையில்லை. அடுத்து கையை உள்ளே விட்டு விரல்பகுதியைத் தடவுங்கள், முண்டும் முடிச்சும் தட்டுப்பட்டால் அங்கேதான் கடிக்கும்.

இரண்டு காலிலும் போட்டு, லேஸை முறையாகக் கட்டி, எழுந்து நின்று முன்னிடைவெளியைப் பாருங்கள். விரல்களை உள்ளே தாராளமாக அசைக்க முடிய வேண்டும். நடக்கும்போது குதிகால் லேசாக எழுவது புது ஷூவில் இயல்பு, சாக்ஸோடு உரசி நழுவினால் சரியில்லை. சாய்வுப் பலகை இருந்தால் இறங்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் நின்றபடி ஷூவின் முன்முனையைத் தரையில் மெல்லத் தட்டுங்கள். விரல் போய் மோதினால் ஒன்று நீளம் போதவில்லை, அல்லது லேஸ் தளர்வு. "போடப் போட இளகிவிடும்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். தோல் அகலத்தில் கொஞ்சம் கொடுக்கும், நீளத்தில் எந்த ஷூவும் கொடுக்காது.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஷூ கடிப்பதே தெரியாது, சின்னப் புண் பெரிதாகிவிடும். அவர்கள் மருத்துவரிடம் காட்டிய பிறகே ஷூ தேர்வு செய்ய வேண்டும். குதிகாலில் காலை எழுந்ததும் குத்துகிற வலி உள்ளவர்களும் அப்படியே.

9. பணமும் பில்லும்

செலவில் முதலிடம் ஷூவின் மிட்சோலுக்கு, அடுத்தது சாக்ஸுக்கு. அடையாளச் சின்னத்துக்கும் புது நிறத்துக்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. போன பருவத்து நிறம் என்பதற்காகத் தள்ளுபடியில் வரும் அதே மாடல் நல்ல பேரம், தயாரிப்பு தேதி மட்டும் அண்மையதாக இருக்கட்டும். ஷூவின் வாழ்நாளையும் கணக்கில் சேருங்கள். நுரை மிட்சோல் ஷூவுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு 500 முதல் 800 கிலோமீட்டர். விலையைக் கிலோமீட்டரால் வகுத்துப் பார்த்தால், மலிவாக வாங்கி 200 கிலோமீட்டரில் அமுங்கிப்போகும் ஷூ எவ்வளவு செலவு வைக்கிறது என்பது புரியும்.

பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: எத்தனை நாளுக்குள் திருப்பலாம், பணமாகத் தருவார்களா, மாற்றிக்கொள்ள மட்டும்தானா, தள்ளுபடிப் பொருளுக்கும் அது பொருந்துமா, அனுப்பும் செலவு யாருடையது. பில், பெட்டி, உள்ளே வைத்த காகிதம், தொங்கும் அட்டை எல்லாவற்றையும் 3 வாரம் பத்திரமாக வையுங்கள். பில்லை அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள், வெப்பத்தில் அச்சான பில் சில மாதத்தில் வெளுத்துப்போகும். ஆன்லைனில் வாங்கினால் அடுத்தடுத்த இரண்டு அளவை ஒன்றாக வரவழைத்து, பொருந்தாததைத் திருப்பி அனுப்புவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

10. மூன்று வாரம் பழக்குங்கள்

முதல் மூன்று நாள் வீட்டுக்குள் மட்டும், விரிப்பின்மேல், அரை மணி நேரம். சோலில் தெருமண் படாதவரை திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்கும். எங்காவது அழுத்தினால் கழற்றியதும் தோலைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் சிவப்பு மறையாத இடம், பயணத்தில் கொப்புளம் வரப்போகிற இடம். அது எலும்பின்மேல் இருந்தால் யோசிக்காமல் திருப்பிவிடுங்கள்.

தேறினால் வெளியே ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று கூட்டுங்கள். மூன்றாவது வாரத்தில் ஒருமுறையாவது, பயணத்தில் தூக்கப்போகிற பையோடு, நான்கு மணி நேரம் நடந்துவிடுங்கள். பை ஏறினால் பாதம் இன்னும் விரியும். அந்த நான்கு மணி நேரம்தான் உண்மையான தேர்வு.

11. சாக்ஸும் லேஸும்

முழுப் பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், நைலான் கலந்தது ஈரத்தை வெளியே கடத்தும். மெரினோவில் நாற்றமும் குறைவு, இரண்டு மூன்று ஜோடியோடு ஒரு வாரம் ஓட்டலாம். விரல் நுனியில் தடித்த தையல் இல்லாததாகப் பாருங்கள். ஷூவின் விளிம்புக்குக் கீழே மறையும் குட்டை சாக்ஸ் வேண்டுமென்றால் குதிகாலில் சிலிக்கான் பட்டை உள்ளதை வாங்குங்கள், இல்லாவிட்டால் சுருண்டு உள்ளங்காலுக்கு வந்துவிடும்.

குதிகால் நழுவலுக்கு லேஸிலேயே மருந்து இருக்கிறது. பல ஷூக்களில் மேலே கடைசியில் கூடுதலாக ஒரு துளை சும்மா இருக்கும். லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல், அதே பக்கத்திலுள்ள அந்தக் கடைசித் துளையில் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். சின்ன வளையம் ஒன்று உருவாகும். மறுபக்கமும் அப்படியே. இப்போது இடது லேஸ் முனையை வலது வளையத்துக்குள்ளும், வலது முனையை இடது வளையத்துக்குள்ளும் விட்டு, குதிகாலை நோக்கிக் கீழ்ப்பக்கமாக இழுத்து முடிச்சுப் போடுங்கள். கணுக்கால் பக்கம் கவ்விப் பிடிக்கும், விரல் பக்கம் இறுகாது. மேல்பாதம் உயரமாக உள்ளவர்கள் அழுத்தம் தெரியும் இடத்தில் மட்டும் குறுக்குப் பின்னலை விட்டுவிட்டு, லேஸை அதே பக்கத்தில் நேராக மேலேற்றிக்கொள்ளலாம்.

12. பயணத்தில்

இரண்டு ஜோடி கொண்டுபோவதானால் கனமானதைக் காலில் போட்டுக்கொண்டு, லேசானதைப் பெட்டியில் வையுங்கள். நீண்ட விமானப் பயணத்தில் கால் வீங்கும். ஏறியதும் லேஸைத் தளர்த்திவிட்டு, அவ்வப்போது எழுந்து நடங்கள். நடுச்சோலில் உலோகத் தகடு வைத்த ஷூ பாதுகாப்புச் சோதனையில் ஒலி எழுப்பும், அப்படிப்பட்டதென்றால் வரிசையில் நிற்கும்போதே லேஸை அவிழ்த்துவிட்டால் சிரமமில்லை.

காலில் எங்காவது சூடாக, எரிச்சலாகத் தெரிந்தால் அடுத்த இடம் வரை பொறுக்காமல் அங்கேயே உட்கார்ந்து கழற்றுங்கள். மணல் இருந்தால் தட்டி, தோலைத் துடைத்து, மருந்துக்கடை காகித பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். கொப்புளமே வந்துவிட்டால் உடைக்காமல் ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்திரி (கொப்புளத்துக்கான ஜெல் பிளாஸ்திரி) போட்டு, தானாக உரியும்வரை விட்டுவிடுங்கள். கைப்பையில் இந்த இரண்டும், ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸும் எப்போதும் இருக்கட்டும். மதியத்தில் சாக்ஸ் மாற்றினால் மாலை நடைக்குக் கால் புதிதாகும்.

ஷூ நனைந்தால் இன்சோலையும் லேஸையும் கழற்றி, உள்ளே செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஹீட்டர் முன்னாலும், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் இ.வி.ஏ. சுருங்கும், பசை விடும், தோல் வெடிக்கும். மின்விசிறிக் காற்றில் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் வலைத்துணி ஷூ காலைக்குள் தயாராகிவிடும்.